வந்த நேரம், காட்டிய நேரம்

அன்புமொழி என்ன வேலை பார்க்கிறாள் என்று இலுப்பூரில் யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல" என்பார்கள். அதற்கு மேல் துருவினால் கேட்டவர்மேல்தான் கோபப்படுவார்கள். அவளுடைய அப்பா உடையப்பனுக்கு மட்டும் அது ஒருவாறு விளங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று நீள நோட்டில் இரண்டு கட்டமாக எழுதி, கண்டக்டர்களிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. "என் மகளும் டைம் கீப்பர்தாம்ப்பா. நான் பஸ்ஸுக்கு எழுதுனேன், அவ பாக்கெட்டுக்கு எழுதுறா" என்று டீக்கடையில் பெருமை அடிப்பார். கேட்டவர்கள் மகளுக்குப் பால் பண்ணையில் வேலை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

உடையப்பன் சொன்னது சரிதான். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற செய்தி முழுசாகப் போவதில்லை, துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். அது போய்ச் சேர்ந்த இடத்தில், எந்த நொடியில் வந்தது என்று அதன்மேல் நேரத்தைப் பதிக்க வேண்டும். அதற்கு டைம்ஸ்டாம்ப் என்று பெயர். அந்த மென்பொருளை எழுதுகிறவள் அன்புமொழி. கம்பெனி பெங்களூரில். அவள் வேலை பார்ப்பது இலுப்பூர் வீட்டு மாடியில்.

கம்பெனி செய்வது ஆஸ்பத்திரிக் கருவிகள். இதய நோயாளியின் நெஞ்சில் ஒட்டி வைக்கும் ஒரு சின்னப் பெட்டி, அவருடைய துடிப்பைக் கம்பியில்லாமல் நர்ஸ் மேஜைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பு தடுமாறினால் பெட்டி சத்தம் போடாது. நோயாளி பயந்துவிடுவாரே! நர்ஸ் மேஜையில் இருக்கிற திரைதான் சிவந்து அலறும். அது அலறினால் ஓட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் முன்பு இரண்டு வரிசைகள் இருந்தன. அலாரம் பாக்கெட்டுகளுக்கு ஒன்று, ஆஸ்பத்திரி அனுப்புகிற தினசரி ரிப்போர்ட்டுகளுக்கு ஒன்று. பாக்கெட்டுகளுக்கு நேர முத்திரையும் இரண்டு: வந்த நேரம் ஒன்று, திரையில் காட்டிய நேரம் ஒன்று. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அன்புமொழிதான் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இரண்டு வரிசை தேவையில்லை, ஒன்றே போதும். இரண்டாவது முத்திரையும் வீண். "பாக்கெட் வந்துவிட்டால் திரைக்கு வந்த மாதிரிதான். நடுவில் ஆவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு" என்று எழுதி, இரண்டையும் வெட்டித் தூக்கினாள். மென்பொருள் சிட்டாய்ப் பறந்தது. அந்த வருடத்துச் சிறந்த பொறியாளர் என்று கண்ணாடிக் கேடயம் ஒன்று கூரியரில் வந்தது. உடையப்பன் அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தார்.

அறிவாளிகளுக்கு ஒரு நோய் உண்டு. தான் சரியாகச் செய்த ஒன்றை மறுபடி திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்புமொழிக்கும் அது இருந்தது.

ஐப்பசி மாதம் உடையப்பனுக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், அங்கே போவோம் என்று அம்மா கண்ணாத்தாள் சொன்னாள். "இல்லம்மா, புதுக்கோட்டைக்கே போவோம். அந்த ஆஸ்பத்திரியில எங்க கம்பெனி மிஷின் போட்டிருக்காங்க. அங்க இருந்தா எனக்கு நிம்மதி" என்றாள் மகள். போனார்கள். லேசான அட்டாக்தான், மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார் டாக்டர். நெஞ்சில் சின்னப் பெட்டியை ஒட்டினார்கள். உடையப்பன் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இது நீ செஞ்சதா ஆத்தா?" என்று கேட்டார். "இதுக்குள்ள இருக்குறது இல்லப்பா. இது அனுப்புறதுக்கு டயம் போடுறது நானு" என்றாள். "அப்ப சரி. வண்டி லேட்டாகாது" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை டிஸ்சார்ஜ் பேப்பருக்காக அன்புமொழி கீழே போயிருந்தாள். அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே இருந்த மனிதர் கண்ணை மூடினார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்தாள் கண்ணாத்தாள். எழுந்துபோய் மின்விசிறியைக் குறைத்து வைத்தாள். போர்வையை இழுத்து விட்டாள். மறுபடியும் வந்து காலைப் பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து சத்யபிரியா என்கிற நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே டாக்டர் வந்தார். அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தினார்கள். எதுவும் நடக்கவில்லை.

காரியம் முடிந்தும் கண்ணாத்தாள் சாப்பிடவில்லை. "காலைப் புடிச்சுக்கிட்டு இருந்தேனே, எனக்குத் தெரியலையே. ஃபேனைக் கொறச்சு வச்சேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர் கைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தபோது குளிரும் என்று ஃபேனைக் குறைத்தவளுக்கு எந்த ஆறுதல் எடுபடும்? அன்புமொழியால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அம்மாவின் தலையிலிருந்து அந்தப் பழியை இறக்கியே ஆக வேண்டும் என்று அவளுக்கு வெறி வந்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, அன்றைய பதிவை வாங்கினாள்.

பதிவில் பளிச்சென்று இருந்தது. உடையப்பனின் துடிப்பு தடுமாறிய அலாரம் வந்த நேரம் காலை 10.41. நர்ஸ் பொத்தானை அமுக்கி அதை ஏற்றுக்கொண்டது 10.52. நடுவில் பதினோரு நிமிடம்.

"பாரும்மா. அலாரம் அடிச்சிருக்கு. பதினோரு நிமிசம் அந்தப் பொண்ணு வரல. ஒன் மேல தப்பே இல்ல" என்று காகிதத்தை அம்மாவிடம் காட்டினாள். கண்ணாத்தாளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மகள் விரல் வைத்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். சத்யபிரியாவுக்கு இருபத்தைந்து வயது, விராலிமலைப் பக்கம், ஒப்பந்த நர்ஸ். விசாரணைக்கு வந்திருந்த அன்புமொழி பக்கம் திரும்பினாள்.

"அலாரம் அடிச்ச ஒடனே ஓடுனேன்க்கா. சத்தியமாச் சொல்றேன். அதுவரைக்கும் ஸ்கிரீன் அமைதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆறு அலாரம் ஒண்ணா அடிச்சுச்சு. எல்லாத்தையும் அமுக்கிட்டு மொதல்ல ஒங்க அப்பாகிட்டத்தான் ஓடியாந்தேன்."

"அலாரம் கூட்டமாச் சேந்து வராதும்மா" என்றாள் அன்புமொழி. "ஒவ்வொண்ணுக்கும் டயம் இருக்கு. அந்த டயத்தைப் போடுற புரோகிராமை எழுதுனவ நான். அது பொய் சொல்லாது."

அது பொய் சொல்லவும் இல்லை. அந்தக் கொடுமையைத்தான் சொல்ல வருகிறேன்.

சத்யபிரியாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், அதனால் ஒரு உயிர் போய்விட்டதாம் என்று பேச்சு பரவி, வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்கவில்லை.

கண்ணாத்தாளுக்கு அதுவும் போதவில்லை. ஊருக்குத் தெற்கே கண்மாய்க்கரையில் ஒரு காளி இருக்கிறாள். நியாயம் கிடைக்காதவர்கள் ஈரப் புடவையோடு போய், ஒரு ரூபாய்க் காசைக் கல்லின்மேல் வைத்து உளியால் இரண்டாக வெட்டி அவள் முன்னால் போட்டுவிட்டு வருவார்கள். போலீசுக்குப் போனால் சாட்சி கேட்பார்கள், காளி கேட்க மாட்டாள் என்பது ஊர் நம்பிக்கை. சூலத்தடியில் அப்படி வெட்டுப்பட்ட காசுகள் துருவேறிக் குவிந்து கிடக்கும்.

அன்புமொழிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அம்மாவின் மனது ஆறட்டும் என்று கூடப் போனாள். காசு நழுவிக்கொண்டே இருந்ததால் அதன் விளிம்பை இடுக்கியால் பிடித்துக்கொண்டவளும் அவள்தான்.

"யாருக்குன்னு பேர் சொல்லி வெட்டு கண்ணாத்தா" என்றார் பூசாரி வீரய்யா.

"பேரு எதுக்குப் பூசாரி? ஆத்தாளுக்குத் தெரியாதா, யாருன்னு?" என்றாள் அம்மா. பிறகு சுத்தியலைத் தூக்கினாள். "என் வீட்டுக்காரரு போன அந்தப் பதினோரு நிமிசத்துக்கு எவ காரணமோ, அவளும் என்னய மாதிரியே பக்கத்துல ஒக்காந்துக்கிட்டே, தூங்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டே, தன் ஆளைப் பறிகொடுக்கணும் ஆத்தா!"

மூன்றாவது அடியில் காசு இரண்டானது. ஒரு துண்டு தெறித்துப் போய் விழுந்தது. இன்னொன்று அன்புமொழியின் இடுக்கியிலேயே நின்றது. அதையும் காளி காலடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வாய்விட்டு என்ன கேட்டாள் என்பது இரண்டு நாளில் விராலிமலை வரை போய்ச் சேர்ந்தது. இந்த மாதிரிச் செய்திக்கு நம் பக்கத்தில் பஸ் கூடத் தேவையில்லை.

நாலு மாதம் போனது. மாசியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, வேறு மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து புகார் வந்தது. அலாரம் திரையில் தாமதமாகத் தெரிகிறது, பதிவில் மட்டும் நேரம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பதிவில் சரியாக இருந்தால் சரியாகத்தான் வந்திருக்கும் என்று அன்புமொழி பதில் போட்டாள். அரை மணி நேரத்தில் அவர்கள் ஒரு செல்போன் வீடியோவை அனுப்பினார்கள்.

வீடியோவில் ஒரு நர்ஸ் சோதனைக்காகத் தன் நெஞ்சில் ஒட்டியிருந்த பெட்டியைப் பிய்த்து எடுத்தாள். பின்னால் சுவர்க் கடிகாரம். திரை அந்த வினாடியே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடிகாரம் ஓடியது. ஒன்பது நிமிடம் கழித்துத் திரை சிவந்து அலறியது.

அன்புமொழி வீடியோவை முழுசாக இரண்டு முறை பார்த்தாள். பழைய கோப்புகளைத் தோண்டி, தான் வெட்டி எறிந்த அந்த இரண்டாவது முத்திரையைத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டாள். ரிப்போர்ட் ஒன்றை ஓட விட்டு, நடுவில் ஒரு அலாரத்தை அனுப்பினாள். விடை வர நேரமானது. அதுவரை நாற்காலியை விட்டு அசையவில்லை.

வந்த நேரம்: 2.05. காட்டிய நேரம்: 2.16.

ஒரே வரிசை. முன்னால் கனத்த ரிப்போர்ட் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றால், பின்னால் வந்த அலாரம், ஒரு மனிதனின் உயிரைச் சுமந்து வந்த அலாரம், வாசலிலேயே காத்துக் கிடந்திருக்கிறது. வாசலுக்கு வந்த நேரத்தை அவளுடைய மென்பொருள் அச்சுப் பிசகாமல் பதித்திருக்கிறது. உள்ளே விட்ட நேரத்தை எழுத ஆளில்லை. அந்த ஆளைத்தான் அவள் வேண்டாம் என்று வெட்டிவிட்டாளே.

எழுந்து போய் பீரோவில் இருந்து அப்பாவின் பதிவுக் காகிதங்களை எடுத்தாள். பதினாலு பக்கம். அன்றைக்கு அவள் பார்த்தது அப்பாவின் ஒரே ஒரு வரியை. இப்போது மற்ற வரிகளைப் பார்த்தாள். 10.40க்கு ஆஸ்பத்திரியின் தினசரி ரிப்போர்ட் கிளம்பியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வார்டில் ஆறு அலாரம் வந்திருக்கிறது. ஒருவருக்கு ஒட்டு கழன்றது, ஒருவருக்குப் பேட்டரி குறைந்தது, இப்படி. ஆறையும் சத்யபிரியா ஏற்றுக்கொண்டது 10.52க்கு, வினாடிக்கு ஒன்றாக. ஆறு அலாரம் ஒண்ணா அடிச்சுச்சு என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது இந்தக் காகிதத்திலேயே இருந்தது. நாலு மாதமாகத் தன் வீட்டுப் பீரோவிலேயே இருந்தது.

அப்பாவின் நோட்டில் இரண்டு கட்டம் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்த நேரம், எடுத்த நேரம். பள்ளிக்கூடம் தாண்டாத மனிதர் இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூட ஒரு கட்டத்தை விட்டுவிட்டு எழுதியதில்லை. அவருடைய படித்த மகள் ஒன்றை வெட்டினாள், கேடயம் வாங்கினாள், அவரையும் கொண்டுபோய் அந்தக் கட்டிலிலேயே படுக்க வைத்தாள். அன்புமொழி சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா கீழே கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்ததும் முதல் வேலையாக இரண்டு வரிசையையும் இரண்டு முத்திரையையும் பழையபடி போட்டு, எல்லா ஆஸ்பத்திரிக்கும் அன்று மாலைக்குள் போய்ச் சேரும்படி செய்தாள். மேலாளர் விக்ரமிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஃபிக்ஸ் போயிருச்சுல்ல? அது போதும்" என்றான் அவன். "பழசைப் பத்தி எழுத்துல எதுவும் வேண்டாம், அன்பு. வக்கீலுங்க பாத்துக்கிருவாங்க. ஒங்க அப்பா விஷயம்னு தெரியும். அதுக்காகத்தான் சொல்றேன்."

அவள் எழுத்தில்தான் எழுதினாள். சத்யபிரியா சொன்னது அத்தனையும் உண்மை, தவறு இந்த மென்பொருளில், அதை எழுதியவள் நான் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். தன் பெயர், கையெழுத்து, பதினாலு பக்கமும் இணைப்பு. வேலை போகும் என்று தெரியும். அன்றைக்கு அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நாலு மாதமாக அப்படித்தான் நடந்திருக்கிறது, அதை நேராக்க வேண்டும். மறுநாள் நகலை எடுத்துக்கொண்டு விராலிமலைக்குப் பஸ் ஏறினாள்.

சத்யபிரியா நாற்பதடி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மதியக் கூட்டம். "ரெண்டு சாப்பாடு, ஒரு ஆம்லெட்டு" என்று சொல்லியபடியே நிமிர்ந்தவள், அன்புமொழியைக் கண்டதும் பில் புத்தகத்தை மூடினாள். பின்பக்கம் கை கழுவுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்புமொழி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. கடிதத்தை நீட்டினாள்.

சத்யபிரியா அதை நிதானமாகப் படித்தாள்.

"நான் பொய் சொல்லலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள். "ஆனா போகப் போக எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இத்தனை பேரு சொல்றாங்களே, மிஷின் சொல்லுதே, ஒருவேளை நெசமாவே போனைப் பாத்துக்கிட்டு இருந்தோமான்னு. யோசிச்சு யோசிச்சு, போனைப் பாத்த மாதிரியே ஞாபகம்கூட வந்துருச்சு. சர்ச்சுல போய் அதுக்குப் பாவமன்னிப்புக் கேட்டுட்டேன்."

அன்புமொழி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒங்க அம்மா காசு வெட்டுனது எங்க வீட்டுல தெரியும். நாங்க வேதக்காரங்கதான். நம்பக் கூடாது. ஆனாலும் எங்க அப்பா மத்தியானம் செத்த நேரம் கண்ணை மூடுனா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. மூக்குல கை வச்சு வச்சுப் பாக்குறேன். நாலு மாசமா அந்த மனுசன் நிம்மதியாத் தூங்கலக்கா. நான் எழுப்பி எழுப்பி விட்டுர்றேன்."

"என்னை மன்னிச்சிரு சத்யா."

"இப்ப முடியாதுக்கா. அப்புறமா முடியுதான்னு பாக்குறேன்" என்றாள். கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பில் போடப் போய்விட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். மன்னிப்பு என்ன, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற சில்லறையா?

வீட்டுக்கு வந்ததும் அன்புமொழி முகம் கழுவக்கூட இல்லை. அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முறத்தில் கடலை இருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிடம் தோன்றியதுதான். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கிற ஒரே பொய்யை எதற்குப் பிடுங்க வேண்டும்? ஆனால் அந்தப் பொய் விராலிமலையில் ஒரு மனிதனைத் தூங்கவிடாமல் செய்கிறதே.

சொன்னாள். கம்ப்யூட்டர் வார்த்தை ஒன்றும் இல்லாமல், அப்பாவின் நோட்டை வைத்துச் சொன்னாள். வண்டி வந்த நேரத்தை மட்டும் எழுதிவிட்டு எடுத்த நேரத்தை எழுதவில்லை, வண்டி நின்ற பழியை டிரைவர் தலையில் போட்டுவிட்டேன், வண்டியை மறித்து நிறுத்தியதும் நான்தான்.

கண்ணாத்தாள் கையிலிருந்த கடலையை உடைக்காமல் வைத்திருந்தாள்.

"அப்ப அந்தப் பதினோரு நிமிசத்துக்குக் காரணம்..."

"நாந்தாம்மா."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. கண்ணாத்தாள் அடிக்கவில்லை. வாய் கோணியது. பிறகு நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, "என் வயித்துல பெறந்த புள்ளைக்கா காசு வெட்டுனேன்! நீயுமாடி புடிச்சுக்கிட்டு நின்ன!" என்று வீடே அதிர ஓலமிட்டாள். உடையப்பன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் விடிந்ததும், வெட்டியதைத் திரும்ப வாங்க வழி கேட்டுக் கோயிலுக்குப் போனார்கள். வீரய்யா கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"ஒரு பேரைச் சொல்லி வெட்டியிருந்தா, தப்பான ஆளுன்னு சொல்லி ஆத்தாகிட்டக் கேட்டுத் திரும்ப வாங்கலாம் கண்ணாத்தா. நீ பேர் சொல்லல. எவ காரணமோ அவளுக்குன்னுட்ட. இதுல தப்பான ஆளுன்னு எதைச் சொல்லிக் கேக்குறது?" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "நேர்ந்துக்கிட்டுப் போ. ஆத்தாளும் பொம்பளதானே."

கண்ணாத்தாள் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நேரே விராலிமலைக்கு வண்டி ஏறினாள். சத்யபிரியா வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய அம்மா ஆரோக்கியம்மாள் வாசலில் இருந்தாள். இவர்களைக் கண்டு எழுந்து நின்றாள், வாங்க என்று சொல்லவில்லை. கண்ணாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் கை கூப்பினாள்.

"ஒங்க மக மேல ஒண்ணுமில்லம்மா. நான் வெட்டுனது ஒங்க வீட்டுக்கு வராது. இனிமே பயப்படாதீங்க. ஒங்க வீட்டுக்காரரை நல்லாத் தூங்கச் சொல்லுங்க. அது எங்க வீட்டுக்குன்னு ஆயிப்போச்சு."

ஆரோக்கியம்மாள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இருவரும் குடித்துவிட்டு வந்தார்கள்.

பஸ்ஸில் கண்ணாத்தாள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இலுப்பூர் நெருங்கும்போது, "நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன்" என்றாள். "பக்கத்துல ஒக்காந்துக்கிட்டே தன் ஆளைப் பறிகொடுக்கணும்னுதானே கேட்டேன். ஒனக்கு என்னய விட்டா வேற ஆளு யாரு இருக்கா? அப்ப நாந்தான். நீ பயப்படாத. எனக்கும் வயசாச்சு. ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

"அம்மா, அதெல்லாம் சும்மா. காசை வெட்டுனா யாருக்கும் எதுவும் ஆகாது" என்றாள் அன்புமொழி. அவள் படித்தவள், அப்படித்தான் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மாவா இருக்கட்டும். இருந்தாலும் நான் தூங்குறப்ப அப்பப்ப வந்து பாத்துக்க" என்றாள் அம்மா. "ஒங்க அப்பாவை நான் பாக்காம விட்டுட்டேன்."

பஸ்ஸில் கூட்டம் அதிகம். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

கம்பெனியிலிருந்து மறு வாரமே விலகச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடியும் விசாரிக்கிறோம் என்றார்கள். சத்யபிரியாவுக்கு எப்போது வேலை திரும்பக் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அன்புமொழி வாரம் ஒருமுறை போன் செய்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேடயத்தை டி.வி. பக்கத்திலிருந்து எடுத்துப் பரண்மேல் போட்டாள். அந்த இடத்தில் அப்பாவின் பழைய நோட்டு ஒன்று இருந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாத்தாள் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். அன்புமொழி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அம்மா ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். மின்விசிறி வேகமாகச் சுற்றியது. அம்மாவுக்கு அவ்வளவு காற்று ஆகாது. அன்புமொழி ஸ்விட்சுப் பக்கம் போனாள், ரெகுலேட்டரில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

குறைக்கவில்லை. திரும்பி வந்து பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவை அசைகிறதா என்று பார்த்தாள். காற்றுக்குத்தான் அசைகிறதோ என்று இருந்தது. மெதுவாகக் குனிந்து, அம்மாவின் மூக்குக்கு நேரே விரலை வைத்தாள்.

கண்ணைத் திறக்காமலே கண்ணாத்தாள் சொன்னாள்: "இருக்கேன் ஆத்தா. நீ போய்ப் படு."

அன்புமொழி போகவில்லை. விரலையும் எடுக்கவில்லை.